அவுட்டானவன் ஒரு கொடம் ஊத்தணும்

வா வாத்யாரே, இப்டி நெழல்ல குந்து. புள்ளைங்கள இட்டுனு பருத்திப்பட்டு ஏரிக்கரைல செடி நடப் போறியாமே? நல்லாப் பண்ணு. குழிகூட வெட்ட வேணாம், போன வருஷத்துக் குழி அப்டியே கீது. நம்ம ஊர்ல செடிதான் சாவும், குழிக்கு ஆயுசு கெட்டி.

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம்னா மம்முட்டியத் தூக்கினு கெளம்பிடுறீங்க. 1972ல ஐ.நா. சபைக்காரங்க ஸ்டாக்ஹோம்ல கூடுன நாளாம் அது. அந்த ஊரு ஜிலுஜிலுனு இருந்திருக்கும். ஆவடில அன்னிக்கு நாய்கூட லாரிக்கடியவுட்டு வெளிய வராது. அத வுட்டா ஜூலை மொத வாரம், வன மகோத்சவம். 1950ல மத்திய மந்திரி முன்ஷி ஆரம்பிச்சி வெச்சாரு. டெல்லிக்கு அப்பதான் மழ. நம்ம பக்கம் வருஷத்து மழைல பாதிக்கு மேல ஐப்பசி பொறந்த அப்பறந்தான் கொட்டுது. வருண பகவானுக்கு ஒரு சர்க்குலர் வுட்டுப் பாரேன், முன்னாடியே வந்தாலும் வருவாரு.

சரி, ஏரிக்கரைய வுடு, ஸ்கூல் உள்ளாற நடுற செடிய யார் கைல குடுக்கப் போற? பத்தாவது பசங்களா? அவனுங்க பரிச்ச எழுதிட்டு மார்க் சீட்டோட பூடுவானுங்க. நீ நம்மூர்ப் புள்ள, அதனால சொல்றேன், ஆறாங்கிளாஸ் வாண்டுங்க கைல குடு. இன்னும் நாலஞ்சி வருஷம் அதுங்க அங்கதான சுத்தினு இருக்கும்? சத்துணவு தட்டு கழுவுற தண்ணிக்கு ஒரு வாய்க்கா கீறி வுட்டுடு, பாதி வேல முடிஞ்சிது.

மீதிப் பாதிதான் மே மாசம். நீ கேட்டப் பூட்டினு மாமியார் வூட்டுக்குப் போயிடுவ. செடிக்கு அக்னி நட்சத்திரத்துல ஏது லீவு? ஆனா பாரு, அந்த வெய்யில்லயும் நம்ம பசங்க கிரிக்கெட் ஆட மட்டும் செவுரேறிக் குதிச்சி வந்துடுவானுங்க. வெரட்டாத. அவுட்டானவன் ஒரு கொடம் ஊத்தணும்னு சட்டம் போடு. அவனுங்க ஆடுற லட்சணத்துக்கு அம்பத்தூர் வரைக்கும் காடாயிடும்.

அப்பறம், பூ செக்கச்செவேல்னு கீதுன்னு குல்மோகரா நட்டுனு போவாத. 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல ரோடு பூரா மரம் சாஞ்சி கெடந்துச்சே, மறந்துட்டியா? ஏரிக்கரைக்குப் பனதான் லாயக்கு. கூண்டும் வேணாம், கொடமும் வேணாம், ஐப்பசி மழையே போதும். ஆவணி, பொரட்டாசில பழம் வுழும், பொறுக்கினு வந்து பொதைக்க வேண்டியதுதான். ஒரே கண்டம், தைப் பொங்கல். கெழங்கு வெச்சிருக்கும்னு பசங்களுக்குத் தெரிஞ்சா தோண்டி அவிச்சித் துன்னுடுவானுங்க. அதனால ரெண்டு வரிசயாப் பொதச்சி, ஒண்ணு வாய்க்கு, ஒண்ணு கரைக்குன்னு மொதல்லயே பேசி முடிச்சிடு. வளந்துடுச்சின்னா எவனும் கை வெக்க முடியாது. 2021 வேளாண் பட்ஜெட்லயே பனைய வெட்டக் கலெக்டர் உத்தரவு வேணும்னுட்டாங்க.

இன்னா மூஞ்சி தொங்குது? வெதைய மண்ணுக்குள்ள பொதச்சிட்டா போட்டோல ஒண்ணுமே தெரியாதேன்னா? அட, கவுன்சிலர் கைல பழுத்த பனம்பழமா ஒண்ணக் குடுத்து நிக்க வெய்யி. நாரு பல்லுல மாட்டிக்கும், பேசமாட்டாரு. புள்ளைங்க சீக்கிரம் வூட்டுக்குப் போவும்.