அம்பது கிராம் பெல்லும் நாப்பது வளைவும்

ஏங் கண்ணு, வால்பாறைக்கு சைக்கிள்லயே போறயாமா? உன்ற அம்மா போன்ல ஒரே பொலம்பல். "நீங்களாச்சும் அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கப்பா"ங்கறா. சொல்றேன். போகாதேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னா நீ இன்னைக்கு ராத்திரியே கெளம்பிருவே. தாராளமாப் போ. தேயிலை லாரி ஓட்டி அந்த மலையில ஏறி எறங்குன கெழவன் சொல்றதை ஒருக்கா காதுல வாங்கிட்டுப் போ, அவ்வளவுதான்.

சைக்கிள் என்ன வெலைன்னு உன்ற மாமன் சொன்னான். அந்தக் காசுக்குக் கன்னோட ஒரு கறவை மாடு வாங்கியிருந்தா பாலாவது கெடைச்சிருக்கும். சரி, அது உன்ற சம்பளம். ஸ்டேண்டு இல்ல, மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல. பெல்லு கூட எடைன்னு கழட்டிப் போட்டுட்டியாமே? அம்பது கிராம் பெல்லைக் கழட்டி வெச்ச ஆளு, இடுப்பைச் சுத்தி இருக்கற அஞ்சு கிலோவை எங்க கழட்டி வெக்கப்போற?

அப்பறம் அந்த ரெண்டரை மணி நேரக் கணக்கு. ஆளியாத்துல மிதிச்சா ரெண்டரை மணி நேரத்துல வால்பாறைன்னு சொன்னியாம். மேல ஆராச்சும் எலை போட்டு உக்கார வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்களா? அது 40 கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோடு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டுப் பலகை நட்டு வெச்சிருக்கான். எண்ணிக்கை தெரியாம ஏறுனா சந்தோசமா ஏறலாம். நம்பர் போட்டுட்டதால ஒவ்வொரு வளைவுலயும் இன்னும் எத்தனைன்னு மனசு கழிச்சுப் பாக்கும். ஏழாவது வளைவுலயே உனக்குக் கணக்கு மறந்துரும், நான் எழுதித் தரேன்.

வெடியால ஆளியாறு செக்போஸ்ட்டு தொறக்கற நேரத்துக்குப் போயி நில்லு. அதுக்கு மேல ஆனமலைப் புலிகள் காப்பகம். விடறதும் விடாததும் பாரஸ்ட்டுக்காரங்க முடிவு. இங்கிலீசுல சட்டம் பேசாதே. "அண்ணா"ன்னு கூப்பிட்டு, எப்ப எறங்கோணும், எங்க நிக்கக்கூடாதுன்னு கேட்டுக்க. விடலைன்னா சைக்கிளைத் திருப்பிக்கிட்டு வா. அணைப் பூங்காவைச் சுத்திப் பாத்துட்டு மலைக்குப் போனதா போட்டோ போடு, ஆருக்குத் தெரியப்போவுது.

செக்போஸ்ட்டு தாண்டுனா குரங்கருவி. பேரைக் கேட்டதுமே புத்தி வரணும். நீங்க போடற அந்த இறுக்கமான சட்டையில முதுகுல ஒரு பை வெச்சு, அதுல வாழைப்பழத்தைச் சொருகிக்கிறீங்களே, அந்தப் பையை எவன் கண்டுபுடிச்சானோ, அவன் குரங்குக்குச் சொந்தக்காரன்தான். அங்க இருக்கற நாட்டுக்குரங்கு டூரிஸ்ட்டுகளோட பழகித் தேறுனது. நீ பெடலை மிதிச்சுட்டு இருக்கும்போதே பின்னால பையைக் காலி பண்ணிரும். பழத்தை ஊருக்குள்ளயே தின்னுட்டுப் போ.

ஏத்தத்துல ஒரு சூட்சுமம் சொல்றேன், இதுக்கு மட்டும் சிரிக்காம கேளு. கொண்டை ஊசியில உள்பக்கம் குறுக்க போனா தூரம் கொறையும்னு தோணும். ஆனா அங்கதான் மேடு செங்குத்தா நிக்கும். எதுக்க ஒண்ணும் வரலைன்னு தெரிஞ்சா சித்த வெளிப்பக்கமா வாங்கி ஏறு. பஸ்சு ஆரன் கேட்டா ஓரங்கட்டி எறங்கி நில்லு. மலையில ஏர்ற வண்டிக்குத்தான் எறங்கற வண்டி வழி விடணும்னு சட்டம் இருக்கு. பஸ் டிரைவரும் அதைப் படிச்சவருதான். ஆனா உன்னை வண்டின்னு அவரு ஒத்துக்கணுமே.

ஒம்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ. கீழ ஆளியாறு அணை பூரா தெரியும். எல்லாரும் அணையைப் பாத்து செல்பி எடுத்துட்டு இருப்பாங்க. நீ முதுகைத் திருப்பிப் பாறையைப் பாரு. அங்கதான் வரையாடு நிக்கும். நீ மூச்சு வாங்கி ஏறி வந்ததை அது ஆறாவது வளைவுலருந்தே பாத்துட்டு இருந்திருக்கும். சரிஞ்ச பாறையில, நம்ம காலை வெக்கப் பயப்படற எடத்துல, குட்டியோட நின்னு அசை போடும். குளம்புக்கு அடியில மெத்துன்னு சதை இருக்கறதால வழுக்காது. வயசான கெடாவுக்கு உடம்பெல்லாம் கருத்து, முதுகுல மட்டும் வெளுத்து ஒரு பட்டை விழுந்திருக்கும். அதைப் பாத்தா சத்தம் போடாம தள்ளி நில்லு. நம்ம மாநில விலங்கு அது. அதைக் காப்பாத்த 2023ல அரசாங்கம் தனியா ஒரு திட்டமே ஆரம்பிச்சுது. 2024ல எண்ணிப் பாத்தப்ப தமிழ்நாடு முழுக்க 1,031 வரையாடுதான். உங்க கம்பெனிக் கட்டடத்துல மத்தியானம் லிப்ட்டுக்கு நிக்கறவங்களே அதைவிட எச்சா இருப்பாங்க.

அட்டகட்டி வந்துட்டா எறங்கித் தள்ளு. வெக்கமே வேண்டாம். கால் வலிக்குதுன்னு சொல்லாதே, பறவை பாக்கறேன்னு சொல்லு. படிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சமாளிக்கறாங்க. அதுல ஒரு லாபமும் இருக்கு. அத்தி மரம் பழுத்து நின்னா இருவாச்சி வரும். வர்றதுக்கு முன்னால சத்தம் வரும்: பொள்ளாச்சி ஸ்டேசன்ல அந்தக் காலத்துக் கரி எஞ்சின் மூச்சு வாங்கிக் கெளம்பறது மாதிரி, புஸ், புஸ்னு ரெக்கை அடிக்கும். நிமிந்து பாக்கறதுக்குள்ள தலைக்கு மேல மஞ்சமூக்கு போயிரும். முட்டை வெக்கற காலத்துல பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி, வாசலை எச்சத்தால பூசி அடைச்சுக்கும். ஒரு கீத்து மட்டும்தான் தெறப்பு. ஆம்பளைதான் மாசக்கணக்கா பழத்தைக் கொண்டாந்து அந்தக் கீத்து வழியா ஊட்டணும். ஆண்டவன் காட்டுல வெச்ச ஏற்பாடு அது. உனக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்காங்கல்ல, அதனால சொல்லி வெக்கறேன்.

கவர்க்கல்லுல பனி எறங்குச்சுன்னா முன்னால போற லாரியோட சிவப்பு லைட்டு மட்டும்தான் தெரியும். கணவாய் உச்சி அதுதான். வால்பாறை 3,500 அடி, இது அதுக்கும் மேல. அங்க ரோட்டோரமா கார்வர் மார்ஷ் துரை சிலையா நிக்கறாரு. 1890கள்ல காட்டை அழிச்சுத் தோட்டம் போட்டவரு. வெட்டுனவன், செமந்தவன், காய்ச்சல்ல செத்தவன் சிலை எங்கன்னு தேடாதே, கெடைக்காது. தோட்டத்துல டாக்டரா இருந்த பி.எச். டேனியல் அந்தக் கதையை 1969ல 'ரெட் டீ'ன்னு எழுதிட்டாரு. தமிழ்ல 'எரியும் பனிக்காடு'. மலை ஏர்றதுக்கு முன்னால அதைப் படிச்சிருந்தா அந்தப் பச்சையை சும்மா அழகுன்னு சொல்ல வாய் வராது.

அய்யர்பாடி, ரொட்டிக்கடை எல்லாம் எறக்கம், காலுக்கு வேலை இல்ல. புதுத்தோட்டத்துல மட்டும் பிரேக்கைப் புடி. சிங்கவால் குரங்கு ரோட்டுக்கே வந்துரும். மொகத்தைச் சுத்தி வெள்ளிப் பிடரியோட, கருகருன்னு, மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா ஒலகத்துல எங்கயும் இல்லாத சாதி. மரத்துமேல வாழ வேண்டிய அதுக, மரம் போயிட்டதால தாருல நடக்குதுக. ரோட்டுக்கு மேல கயித்துப் பாலம் கட்டி விட்டிருக்காங்க, அண்ணாந்து பாரு. பிஸ்கட்டு நீட்டாதே. இன்னைக்கு நீ நீட்டுன பிஸ்கட்டுக்காக நாளைக்கு ரோட்டுல உக்காரும். அடுத்த காரு வந்து அடிச்சிட்டுப் போகும்.

இப்ப பெல்லுக்கு வரேன். யானைக்கு லாரி வர்றது தெரியும், பஸ் வர்றது தெரியும். பெல்லையும் கழட்டிட்டதால உன்ற சைக்கிள் சத்தமே இல்லாத சாதனம். வளைவைத் திரும்புனா தேயிலைக்குள்ளருந்து ஏறி வந்த யானை அங்க நிக்கும். அதுக்கும் அதிர்ச்சி, உனக்கும் அதிர்ச்சி. ரெண்டு பேருல ஆரு மொதல்ல ஓடணும்னு பேசி வெக்க நேரம் இருக்காது. காட்டெருமையும் அப்படியேதான், பசுன்னு நெனைச்சுப் பக்கத்துல போயிராதே. வால்பாறைத் தோட்டங்கள்ல யானை நிக்கற எடத்துக்கு செவப்பு லைட்டு எரியும், அங்கத்த ஜனங்களுக்குப் போன்ல தகவல் போகும். உன்ற போன்ல வேகம், நாடித்துடிப்பு எல்லாம் வருது, யானை வராது. அதனால டீக்கடையில, எலை பறிக்கற பொம்பளைகள்கிட்ட எறங்கிக் கேளு. அவங்க "அந்தப் பக்கம் போகாத சாமி"ன்னா மறுபேச்சுப் பேசாதே.

மத்தியானம் சோத்தைத் தின்னுட்டு உடனே திரும்பு. பொழுது சாயறப்ப அந்த ரோட்டுல சிறுத்தைக்குத்தான் டூட்டி. எறக்கத்துல பிரேக்கை ஒரேயடியா அழுத்திப் புடிச்சுட்டு வந்தா சூடேறி செத்துப்போகும். விட்டு விட்டுப் புடி. முன்னதும் பின்னதும் மாத்தி மாத்திப் புடி. வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் கொறை. லாரி ஓட்டுனவன் சொல்றேன், இதுல மட்டும் வெளையாட்டு இல்ல. கையோ காலோ நடுங்குச்சுன்னா கவர்மெண்டு பஸ் கண்டக்டர்கிட்ட கேட்டுப் பாரு. சைக்கிளைப் போட எடம் இருந்தா ஏத்திக்குவாரு. லக்கேஜு டிக்கெட்டு வாங்கிக்க.

எல்லாம் முடிஞ்சு ஆளியாறு வந்து சேந்ததும், அணைக்கு எதுக்க மீன் வறுக்கற கடை வரிசையா இருக்கும். சூடா ரெண்டு துண்டு பார்சல் வாங்கி, அந்த முதுகுப் பையில வெச்சுக்கிட்டு நேரா என்ற ஊட்டுக்கு வா. எண்ணெய்ப் பலகாரம் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது உன்ற அம்முச்சிக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அவகிட்ட நீ வாயத் தெறக்காம இருந்தா, ரெண்டரை மணி நேரத்துல ஏறிட்டேன்னு ஊரு பூரா நானே சொல்றேன்.