சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவன்

எங்கள் குடும்பத்தின் பதினெட்டு வருடப் புகைப்படங்கள் கும்பகோணத்தில், அம்மா வீட்டு அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ‘சர்வர்’ என்று பெயர் சூட்டியது நான். அம்மாவுக்கு அது ‘அந்தப் பெட்டி’. நான் இருப்பது சென்னை நங்கநல்லூரில்.

போன மாதம் படங்கள் விக்கி விக்கி வந்தன. சர்வருக்குள் நுழைந்து லாகைப் பார்த்தேன். நெட்வொர்க் கார்டின் டிரைவர் அடிக்கடி மயங்கி விழுவதும், ‘வாட்ச்டாக்’ குரைத்து எழுப்புவதுமாக இருந்தது. எழுப்ப நாய் இருக்கும்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

“டிரைவரைக் கழற்றித் திரும்ப மாட்டினால் சரியாகிவிடும்” என்று மனைவியிடம் அறிவித்தேன். அவள் கேட்கவில்லை.

கழற்றும் கட்டளையை அடித்தேன். கழன்றது. மாட்டும் கட்டளையை அடிக்கப் போனபோதுதான், அது போய்ச் சேர வேண்டிய வழியும் அதே கார்டுதான் என்று உறைத்தது. நடுவில் ஓர் அரைப்புள்ளி போட்டு இரண்டையும் ஒரே வரியில் கொடுத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பேன். அரைப்புள்ளிக்குச் சோம்பல்பட்டவன், அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, அந்தப் பெட்டிக்கு முன்னாடி ஒரு பட்டன் இருக்கும், பாரு.”

“பச்சையா மினுக்குதே, அதுவா?”

“அது பின்பக்கம், கேபிள் சொருகற இடம். நான் சொல்றது முன்பக்கம்.”

“முன்பக்கம் சுவத்தைப் பாத்துல்லடா இருக்கு. தூசி படும்னு நீதானே திருப்பி வச்சே?”

ஒருவழியாக அணைத்துப் போட்டாள். சர்வர் உயிர் பெற்றது. வைப்பதற்கு முன் கேட்டாள்: “ஊருக்குப் போறப்ப பக்கத்து வீட்ல சாவி குடுத்துட்டுப் போறோமே, அந்த மாதிரி இதுக்கு ஒண்ணும் கிடையாதாடா?”

இருக்கிறது. கைவைக்கும் முன்பே, ‘பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகு’ என்று சர்வரிடம் சொல்லிவைத்துவிட வேண்டும். வெளியே மாட்டிக்கொண்டால் அதுவே எழுந்து பழைய நிலைக்கு வரும். பிழைத்தால் ரத்து செய்துவிடலாம். தொழிலில் இருபது வருடம் தள்ளிய எனக்கு இதை நினைவூட்ட, கம்ப்யூட்டரையே தொடாத அம்மா தேவைப்பட்டாள்.

மனைவியிடம் மானம் காக்க, 2008 கதையை எடுத்துவிட்டேன். லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்பை ஓட்டிய சிலருடைய இன்டெல் கார்டுகள், தம் நினைவகம் சிதைந்து படுத்துவிட்டன. எல்லாரும் இ1000இ டிரைவரைச் சந்தேகித்தார்கள். கடைசியில் மாட்டியது, கெர்னலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த எஃப்டிரேஸ் என்ற கருவி.

“அதாவது, தப்பு டிரைவர் மேல இல்ல, உள்ளே என்னன்னு பாக்க வந்த ஆள் மேலதான்” என்றாள், என்னை ஏற இறங்கப் பார்த்து.

மறுநாள் மறக்காமல் பத்து நிமிடக் கெடு வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஈத்தர்நெட்டில் வழக்கமாக ஒரு நடைக்கு 1500 பைட்தான் போகும். முழுப் பூசணியை அந்த அளவுக்குத் துண்டு போடும் வேலையைக் கார்டின் தலையில் கட்டுவதற்கு டிஎஸ்ஓ என்று பெயர். சில கார்டுகள் அரிவாள்மணையில் உட்கார்ந்ததும் தடுமாறும். அந்த வேலையை எங்கள் கார்டிடமிருந்து பிடுங்கிப் பிராசசரிடமே கொடுத்தேன்.

படங்கள் மடமடவென்று கொட்டின. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பையனின் முதல் பிறந்தநாள் படத்தைப் பெரிதாகத் திறந்தேன். நெற்றிவரை இறங்கியது. அங்கேயே நின்றது.

பத்து நிமிடம் முடிந்திருந்தது. ரத்து செய்ய மறந்திருந்தேன். நான் செய்த மாற்றத்தை நிரந்தரமாக எழுதிவைக்கவும் மறந்திருந்ததால், பூசணி மறுபடியும் கார்டிடமே போயிருக்கும்.

போன் அடித்தது.

“டேய், அந்தப் பெட்டி தானா அணைஞ்சு தானா எரியுதுடா. எதுக்கு வம்புன்னு பிளக்கைப் புடுங்கிட்டேன். மிக்ஸிக்கும் பாயின்ட் வேண்டியிருந்துச்சு.”