ஏவுகணைக்கு உண்டு, மீன் தொட்டிக்கு இல்லை

பெறுநர்:
க்ளெய்ம் பிரிவு மேலாளர் அவர்கள்,
என் வீட்டுக்குக் காப்பீடு தந்திருக்கும் நிறுவனம், சென்னை.

பொருள்: தங்கள் நிராகரிப்புக் கடிதத்துக்கு நன்றி தெரிவித்தல்.

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் வீட்டு ஹாலில் இருந்த மீன் தொட்டியின் தண்ணீர் தரைக்கு வந்ததைத் தாங்கள் மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு முதல் வணக்கம். ஆனால் தொட்டி வெடிக்கவும் இல்லை, நிரம்பி வழியவும் இல்லை, மூலையில் ஒட்டு விட்டுக் கசிந்திருக்கிறது, ஆகவே ஒரு பைசா தருவதற்கில்லை என்று முடித்திருக்கிறீர்கள். தொட்டி 4 அடி நீளம், 1½ அடி அகலம், 2 அடி உயரம். கன அடிக்கு 28 லிட்டர் என்று பெருக்கி, மேலே விட்ட இடைவெளியைக் கழித்தால் 300 லிட்டர் வரும். தங்கள் அகராதியில் கசிவு என்பது இவ்வளவு என்று தெரிந்துகொண்டேன்.

கடிதம் கையிலிருக்க, பாலிசியை எழுத்தெண்ணிப் படித்தேன். தீக்காப்பீடு விற்கும் எல்லா நிறுவனங்களும் 2021 ஏப்ரல் 1 முதல் விற்றாக வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' தான் அது. ஆபத்துகளின் பட்டியலை எழுதியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதம் எல்லாம் உண்டு. விமானம் வந்து மோதினாலும் உண்டு. ஏவுகணைச் சோதனையால் வீடு சேதமானாலும் உண்டு!

குரோம்பேட்டைக்காரன் இதைக் கேலி செய்யக் கூடாது. மீனம்பாக்கம் எங்களுக்குப் பக்கம். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த எம்.ஐ.டி. எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஆகவே விமானமும் ஏவுகணையும் எங்களுக்கு அந்நியமில்லை. ஆனாலும் இந்நாள்வரை எந்த ஏவுகணையும் என் மொட்டைமாடியில் இறங்கியதில்லை. மீன் தொட்டியோ தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கிறது. வண்ணமீன் வியாபாரத்துக்கென்றே கொளத்தூர் பேர்போனது. பட்டியலில் 'நீர்த்தொட்டிகள், சாதனங்கள், குழாய்கள்' என்று ஒரு வரி இருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். தங்கள் சர்வேயர் வந்து அந்த மகிழ்ச்சியையும் மதிப்பிட்டுக் கழித்துவிட்டார்.

"சார், வாட்டர் டேங்க்னா மாடியில இருக்கறது. இது அலங்காரப் பொருள்" என்றார்.

"பம்ப் இருக்கு, ஃபில்டர் இருக்கு, ஹீட்டர் இருக்கு. சாதனம்னு போட்டுக்கலாமே?"

"சாதனம்னா வெடிச்சிருக்கணும் சார்."

கண்ணாடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் 'பராமரிப்புக் குறைபாடு' என்று எழுதிவிட்டார். பெர்லினில் ஒரு ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் 'அக்வாடோம்' என்ற பெருந்தொட்டி இருந்தது. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் அது வெடித்து, சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீரும் ஏறத்தாழ 1,500 மீன்களும் சாலைவரை வந்தன. நிபுணர்கள் மாதக்கணக்கில் துண்டு துண்டாகப் பொறுக்கி ஆராய்ந்தும், இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. நம் சர்வேயரை ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கோப்பை மூடியிருப்பார்.

தண்ணீர் செய்த வேலையை அவர் அறிக்கையில் 'தரை ஈரம்' என்று இரண்டே சொல்லில் அடக்கியிருப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தொட்டியில் அழுத்தம் அதிகம் அடிப்பக்கத்தில்தான். அதனால் கீழ்மூலை சிலிகான்தான் முதலில் விட்டது. ஹால் முழுக்க ஒரு விரற்கடைத் தண்ணீர். டிவி யூனிட்டின் அடிப்பலகை ஊறி, விளிம்பு ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கிறது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த தங்கள் பாலிசிப் பத்திரமும் நனைந்தது. அதை ஜன்னல் கம்பியில் க்ளிப் போட்டுக் காயவைத்துத்தான் படித்தேன். மிச்சத் தண்ணீர் ஸ்விட்ச் பாக்ஸ் வழியாக ஒயர் போகும் குழாயில் இறங்கி, கீழ்வீட்டு ஃபேனின் கிண்ணத்திலிருந்து சொட்டியது.

"மேல என்ன பண்றேள்? ஃபேன்லேர்ந்து தண்ணி கொட்டறது!" என்று கீழ்வீட்டு மாமி குரல் கொடுக்கவும் கரண்ட் டிரிப் ஆகவும் சரியாக இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் மீனைத் தேடிப் பிடித்தோம். அது ஃப்ளவர்ஹார்ன். மண்டை புடைத்த அந்த மீன் வீட்டில் இருந்தால் லட்சுமி கடாட்சம் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். சாம்பார் அண்டாவில் அது இப்போதும் சௌக்கியம். மாமி வீட்டுச் சேதத்துக்கு இந்த பாலிசி பொறுப்பில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை மாமியிடம் நேரில் வந்து விளக்கினால் உதவியாக இருக்கும்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது; முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட வெள்ளம் தங்கள் பட்டியலில் இருக்கிறது. செம்பாக்கம், சிட்லபாக்கம், நெமிலிச்சேரி என்று எங்களைச் சுற்றி ஏரிகளுக்கும் பஞ்சமில்லை. ஆக, ஏரி என் ஹாலுக்குள் வந்தால் பணம் உண்டு. தண்ணீர் ஏற்கெனவே ஹாலில் இருந்தால் கிடையாது. தொட்டி ஐப்பசி வரை பொறுத்திருந்து, அடைமழையோடு அடைமழையாக உடைந்திருக்கலாம். அதற்கு பாலிசி படிக்கத் தெரியவில்லை.

கேட்ட ஆவணங்களில் தீயணைப்பு நிலைய அறிக்கையும் ஒன்று. தீயே இல்லை, தண்ணீர்தான் என்று சொன்னதற்குத் தங்கள் கிளையில், "ஃபார்ம்ல அந்தக் கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் ஏத்துக்காது சார்" என்றார்கள். தீயணைப்பு நிலையத்தில் கேட்டேன். அங்கிருந்தவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டதே பெரிய விஷயம்.

இனி என் வேண்டுகோள். பட்டியலிலிருந்து ஏவுகணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, மீன் தொட்டி, வாஷிங் மெஷின் ஹோஸ், ஆர்.ஓ. குழாய் ஆகியவை எந்த விதத்தில் தண்ணீரைத் தரைக்கு விட்டாலும் உண்டு என்று ஒரு வரி சேருங்கள். நடுத்தர வர்க்கத்துக்கு வரும் பிரளயம் அவ்வளவுதான். பிரீமியம் வேண்டுமானால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், தருகிறோம்.

என் கோரிக்கையை மறுபரிசீலனை செய்யும்படி இக்கடிதத்தின் நகலை முறையான புகாராகவும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பது விதி. அவர் அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பாலிசிதாரர்,
குரோம்பேட்டை.