ரூட் போடுதல்: மணவாள நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

வரையறை

ரூட் போடுதல் என்பது, முழு விலை கொடுத்து வாங்கிய ஆண்ட்ராய்டு போனுக்குத் தானே முதலாளி ஆவதற்கு அதன் உரிமையாளர் எடுக்கும் முயற்சி. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். அங்கே ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. எல்லாம் வல்ல ரூட்டின் எண் 0. பிளே ஸ்டோரிலிருந்து இறக்கும் செயலிகளுக்கு எண் 10000-இல்தான் தொடங்குகிறது. உரிமையாளரின் விரல் படுவதெல்லாம் இந்தக் கடைசி வரிசையில். தவணை கட்டி முடித்தாலும் வரிசை நகராது என்பது இத்துறையின் முதல் விதி.

தோற்றம்

முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1, 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அதன் விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அது ரூட்டுக்கும் கட்டளையாகப் போய்ச் சேர்ந்தது. ஏன் பதிலே வரவில்லை என்று கேட்ட தோழிக்கு ஒருவர் 'ரீபூட்' என்று தட்ட, போன் மறுபடியும் ரீபூட் ஆனது. நவம்பரிலேயே கூகுள் ஓட்டையை அடைத்துவிட்டது. ஓட்டையைத் தேட வேண்டிய அவசியமே இல்லாத பொற்காலம் அத்துடன் முடிந்தது.

தமிழ்நாட்டில் தேவை வேறு வழியில் முளைத்தது. ஆண்ட்ராய்டு 2.3 காலத்துப் போன்கள் பலவற்றில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. தமிழ் எழுத்துருவை சிஸ்டம் பகுதியில் சேர்க்க ரூட் வேண்டும். தாய்மொழியில் ஒரு வரி படிப்பதற்கே ஆட்சியைக் கவிழ்க்க வேண்டியிருந்தது.

கருவியும் முடிவுகளும்

2013-இல் பரவிய பிரமாரூட், கம்ப்யூட்டர் இல்லாமல் போனிலேயே இயங்கிய சோதனைக் கருவி. அது பயன்படுத்திய ஓட்டைகளுக்கு டோல்கீன் கதைமாந்தரின் பெயர்கள்: காண்டால்ஃப், சாம், பிரோடோ, போரோமிர். மீடியாடெக் சிப் போட்ட மலிவு விலைப் போன்களுக்குக் கைகொடுத்தவர் போரோமிர். ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் பார்ப்பதே ஆய்வு முறை.

முடிவுகள் மூன்று: வெற்றி, அரை வெற்றி, தோல்வி. மூன்றையும் கருவியே முகக்குறியோடு திரையில் காட்டும். ஆழ்ந்து நோக்கத்தக்கது நடுவிலுள்ளது. ஓட்டை வழியே உள்ளே போயாயிற்று, ஆனால் சிஸ்டம் பகுதியில் எழுத வழியில்லை. தாலுகா ஆபீசில் மனு வாங்கிக்கொள்ளப்பட்ட நிலை இது.

2014 ஜூனில் ஜார்ஜ் ஹாட்ஸ் வெளியிட்ட டவல்ரூட் இந்தத் தொட்டுப் பார்க்கும் வேலையை ஒரே பொத்தானில் அடக்கியது. லினக்ஸ் கெர்னலில் இருந்த பிழையை அது பயன்படுத்திக்கொண்டது. அந்த ஜூன் 3-க்குப் பிறகு உருவான கெர்னல்களில் அதன் ஜம்பம் பலிக்கவில்லை.

கருவி சொல்லாத நான்காம் முடிவும் உண்டு: போன் லோகோவிலேயே நின்றுவிடுவது. சர்வீஸ் கடையில் இதற்கு நோயறிதலும் சிகிச்சையும் ஒரே வாக்கியம்: "சாப்ட்வேர் போடணும்ணா, நாளைக்கு வாங்க."

இடச்சிறப்பு

திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரிலிருந்து தெற்கே போகும் சாலை ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குச் செல்கிறது. இன்னொரு பக்கம், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆந்திர எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி. அங்கே பாக்ஸ்கான் ஆலையில் 2015-இல் ரெட்மி போன் தயாரிப்பு தொடங்கியது. ரூட் போட முதல் படியாக, போனை எழுப்பும் நிரலான பூட்லோடரைத் திறக்க, ரெட்மியின் நிறுவனமான ஷாவ்மியிடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்பது பின்னர் வந்த விதி. பல மாடல்களுக்கு அது 168 மணி நேரமாக இருந்தது. காத்திருந்து திறந்தால் உள்ளிருக்கும் படம், பாட்டு எல்லாம் அழிந்துபோகும். இரவு ஷிப்டில் அந்த போனுக்குத் திருகாணி முடுக்கிவிட்டு கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புபவருக்கும் சலுகை கிடையாது.

கேடு

ரூட் போட்ட போனில் பல வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கின்றன. எனவே, பெற்ற அதிகாரத்தை மறைத்துவைக்கும் கலை பிறந்தது. தைவானைச் சேர்ந்த ஜான் வூ 2016-இல் வெளியிட்ட மேஜிஸ்க் இதில் தேர்ந்தது. 2021-இல் அவரையே கூகுள் தன் ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் பிரிவில் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மறைக்கும் வசதி மேஜிஸ்க்கிலிருந்து பிறகு நீக்கப்பட்டது.

முடிபு

முதலாளி ஆவதும், ஆனதை வங்கிக்குத் தெரியாமல் ஒளிப்பதும் சேர்ந்ததே ரூட் போடுதல். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஸ்கேன் செய்து காசு கொடுக்க உதவும் போனில் இதைச் செய்ய வேண்டாம். அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய போன் இருந்தால், பேக்கப் எடுத்துவிட்டுத் தாராளமாக முயலலாம்.