நாலு கிண்ணம் தின்ற வாத்தியார்

ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார் ராத்திரி எந்தக் கடையில் எத்தனை பரோட்டா சாப்பிட்டார் என்பது, மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் சோழவந்தானில் இதற்கென்று ஆள் போடவில்லை, அதுபாட்டுக்கு நடக்கும். ஜப்பானிலும் இதே கதைதான் என்று 1906-லேயே எழுதிவிட்டார் நாட்சுமே சோசெகி. நாவலின் பெயர் 'போட்சான்'.

டோக்கியோவில் படித்த ஒரு கோபக்காரப் பையன், மாதம் 40 யென் சம்பளத்துக்கு ஒரு சின்ன ஊருக்குக் கணக்கு வாத்தியாராகப் போகிறான். ஒரு கடையில் உட்கார்ந்து நாலு கிண்ணம் தெம்புரா நூடுல்ஸ் சாப்பிடுகிறான். மறுநாள் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் 'தெம்புரா வாத்தியார்'! இன்னொரு கடையில் இரண்டு தட்டு மாவுருண்டை தின்கிறான். அதுவும் பலகைக்கு வருகிறது, விலையோடு. வெந்நீர்க் குளத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து நீந்துகிறான். அடுத்த தடவை போனால், 'இங்கே நீந்தக் கூடாது' என்று அறிவிப்பு. இரவுக் காவலுக்குப் பள்ளியில் படுத்தால் படுக்கை நிறைய வெட்டுக்கிளி. விசாரித்தால், அது வெட்டுக்கிளியே இல்லை, வேறு பூச்சி என்று பையன்கள் அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள்.

இதை இங்கிலீஷில் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை; கண்டவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னேன். வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் எங்களுடையது. எது கையில் கிடைத்தாலும் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, நன்றாக மென்ற பிறகுதான் அபிப்பிராயம் சொல்வோம்.

அண்ணன் மகன் பதினொன்றாம் வகுப்பு. அவன் தீர்ப்பு உடனே வந்தது: "நாலு கிண்ணம் தின்னா எழுதத்தானே செய்வாங்க, சித்தப்பா?"

மதினி தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவருக்குப் பிடித்தது கியோ என்கிற வேலைக்காரக் கிழவி. ஊரே தறுதலை என்று கைவிட்ட பையனை அவள் ஒருத்திதான் உத்தமன் என்கிறாள். அவள் கொடுத்த 3 யென்னை அவன் கக்கூசுக்குள் தவறவிட, குச்சியால் எடுத்து, கழுவி, மாற்றிக்கொண்டு வந்து தருகிறாள். "அந்த அம்மாவுக்காக இந்த முரட்டுப் பயலை மன்னிக்கலாம், தம்பி. மத்தவங்களை எல்லாம் நான் தினமும் ஸ்டாஃப் ரூம்ல பாக்குறேன்."

ஓய்வுபெற்ற தமிழய்யாவுக்குத் திருப்தியில்லை. "வாத்தியாரைப் பாத்துச் சிரிக்க ஜப்பானுக்கு எதுக்குய்யா போகணும்? நம்ம பரமார்த்த குரு இல்லையா?" நியாயம்தான். மதுரை மிஷனுக்கு வந்த இத்தாலிக்காரர் வீரமாமுனிவர் எழுதி, 1822-ல் லண்டனில் அச்சான கதை அது. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் சீடர்கள். (எங்கள் வைகையில் அந்தக் கட்டைக்கு முக்கால்வாசி நாள் வேலையிருக்காது.) ஆனால் பரமார்த்த குருவை நாம் வெளியே நின்று பார்த்துச் சிரிக்கிறோம். போட்சான் தன் கதையைத் தானே சொல்கிறான். சொல்லிச் சொல்லியே, அந்த ஊரில் தான் ஒருவன்தான் யோக்கியன் என்று நம்மையும் நம்ப வைத்துவிடுகிறான். சோசெகியின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

சக ஆசிரியர்களுக்கெல்லாம் அவனே பட்டப்பெயர் வைக்கிறான். பையன்கள் பார்க்க வேண்டிய வேலை! அதில் 'சிவப்புச் சட்டை' என்று ஒருவர்: பட்டதாரி, உதவித் தலைமையாசிரியர், கொளுத்துகிற வெயிலிலும் சிவப்புக் கம்பளிச் சட்டை. தேனாகப் பேசுவார், இலக்கியம் பேசுவார், இன்னொரு ஆசிரியருக்கு நிச்சயித்த பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அந்த அப்பாவியைக் கண்காணாத ஊருக்கு மாற்றல் செய்ய வைப்பார். கதை கேட்ட அத்தனை பேரும் "இது எங்க ஆபீஸ்ல இருக்கிற ஆளேதான்" என்றார்கள். தன்னைச் சிவப்புச் சட்டை என்று ஒருவரும் சொல்லவில்லை. தமிழய்யா ஒருபடி மேலே போய், "சர்வீஸ் பூரா நான் போட்சானாத்தான்யா இருந்தேன்" என்றார். அவர் வகுப்பில் படித்தவன் நான். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன்.

நான் ஊரின் கட்சி. வந்திறங்கிய நிமிஷத்திலிருந்து ஊரை மட்டம் தட்டுகிறவனுக்கு வெட்டுக்கிளி வைத்தது தப்பில்லை. நாவலில் ஊர்ப் பெயர் கிடையாது. ஆனாலும் அது 1895-ல் சோசெகி இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த மட்சுயாமா என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரை இப்படி எழுதியிருந்தால் ரயில் மறியல் நடந்திருக்கும். மட்சுயாமாக்காரர்கள் அவன் பேரில் ரயிலே விட்டுவிட்டார்கள்; போட்சான் ரயில், 2001 முதல். பேஸ்பால் மைதானத்துக்கும் அவன் பெயர்தான். மூன்று நிற மாவுருண்டையை அவன் பெயரிலேயே விற்கிறார்கள். அங்கிருக்கும் தோகோ வெந்நீர்க் குளத்தில் 'போட்சான் நீந்தக் கூடாது' என்று பலகையும் உண்டு. திட்டு வாங்கியே பிழைக்கிற சாமர்த்தியத்தில் அவர்கள் நம்மைத் தாண்டிவிட்டார்கள்.

சோசெகி அங்கே வாங்கிய சம்பளம் 80 யென். தலைமையாசிரியருக்கே அவ்வளவு கிடையாது. 1914-ல் ஒரு சொற்பொழிவில், அந்தப் பள்ளியில் அப்போது பட்டம் வாங்கியிருந்தவன் தான் ஒருவன்தான், ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நிஜ ஆளைத் தேடினால் சிவப்புச் சட்டை தானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். தமிழய்யாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.