இணையத்தள ஸ்தாபனமும் பிரசித்தியும்: பசறையை முன்வைத்து ஒரு விசாரம்

ஒருவன் தன் முதல் இணையத்தளத்தை நிறுவிய இரவில் உறங்குவதில்லை என்பது எவரும் அறிந்த விஷயம். தான் உறங்காத அந்நேரத்தில் உலகமும் உறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கும் என்று விடிந்ததும் அவன் நம்புகிறானே, ஆராய்ச்சிக்கு உரியது அந்த நம்பிக்கைதான். அதன் உற்பத்தியையும், அது பங்கமடையும் கிரமத்தையும், பங்கமடைந்தபின் செய்யத்தக்க பரிகாரத்தையும், பதுளை மாவட்டத்துப் பசறையை க்ஷேத்திரமாகக் கொண்டு விசாரிக்கப் புகுகிறோம்.

பசறை ஏன் என்று கேட்போருக்கு விடை சுலபம். சனத்தை அழைக்கும் வித்தையில் நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் பரம்பரைப் பாண்டித்தியம் உண்டு. லயத்துச் சனத்தை விடியுமுன் எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு வரவழைக்கத் தப்பு அடித்த காலத்தில், எந்த அடி வேலைக்கு, எந்த அடி சாவுக்கு, எந்த அடி சாமிக்கு என்று சிறு பிள்ளையும் பேதம் பிரித்து அறிந்திருந்தது. வெளியார் நுழைந்தால் வழக்குத் தொடுக்கத் துரைமார் காத்திருந்த மலைநாட்டுத் தோட்டங்களுக்குள், பின்னர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய கோ. நடேசய்யர், புடவை வியாபாரியாக வேஷமிட்டுச் சென்று தொழிலாளரின் நிலையை அறிந்ததும், அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் அரசியலைப் பாட்டாகவே பாடிச் சனத்தைச் சேர்த்ததும் இம்மண்ணின் சரித்திரம். செய்தி இருந்தால் மட்டும் போதாது, அதைக் கொண்டுபோகக் காலும் குரலும் வேண்டும் என்பதை இவ்விருவரும் அறிந்திருந்தனர், இணையத்தளக்காரர் அறிவதில்லை.

அவர்களது கட்சியைப் பூர்வபட்சமாக இங்கே வைக்கிறோம். “தளத்தை நல்லபடி அமைத்துவிட்டால் போதும், சனம் தானாக வரும்” என்பது அது. தளம் அமைத்துக் கொடுத்துக் காசு வாங்கும் இளைஞர்கள் யாவரும் இந்தப் பட்சத்தினரே. காசு கைக்கு வந்தபின் அவர்கள் எந்தப் பட்சத்தில் இருக்கிறார்கள் என்பதை நிர்ணயிக்க வழியில்லை, அப்போது அவர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை.

இப்பட்சம் உலகின் முதல் தளத்திலேயே அடிபட்டுப் போகிறது. ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், தம் நெக்ஸ்ட் கணினியில் அத்தளத்தை 1990 டிசெம்பரிலேயே இயங்கச் செய்துவிட்டார். இது சேவையகம், அணைக்கக்கூடாது என்று சிவப்பு மையால் எழுதிய சீட்டு ஒன்றையும் அக்கணினியில் ஒட்டி வைத்தார். (இணையத்தளம் சம்பந்தமாக எழுதப்பட்ட ஆதி விளம்பரம் அதுவே என்றும், அதன் வாசகர் விளக்கணைக்க வருபவர் ஒருவரே என்றும் கொள்வதில் பெரிய பிழை இராது.) ஆயினும் வெளியுலகம் எட்டிப் பார்க்கவில்லை. 1991 ஓகஸ்ட் 6 அன்று, கணினிக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பொதுவிடம் ஒன்றில் அவரே தம் முயற்சியைப் பற்றி எழுதி அறிவிக்க வேண்டியிருந்தது. இடையில் கழிந்தவை ஏழு மாதங்களுக்கும் மேல். 1993 ஏப்ரல் 30 இல் சேர்ன் நிறுவனம் அந்த மென்பொருளை எவரும் பணம் கொடுக்காமல் எடுத்தாளலாம் என்று விட்டுக்கொடுத்தபோதுதான் காரியம் சூடுபிடித்தது. இலவசம் என்பதற்கு நிகராக ஒலிக்கும் தப்பு இன்னும் கட்டப்படவில்லை.

தமிழ் இணையமேறிய வரலாறும் இதையே ஸ்தாபிக்கிறது. 1995 ஒக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலானோர் முயற்சியால் தமிழ் எழுத்து வலையில் ஏறியபோது, ஏறியவை கவிதைகள். அந்த நான்மொழிக் கவிதைத் தளத்தைத் தொடக்கி வைத்தவர் அந்நாட்டு ஜனாதிபதி ஓங் டெங் சியோங். கவிதையை வாசிக்க வைக்க ஒரு ஜனாதிபதி தேவைப்பட்டார் என்பதைக் கவிஞர்கள் குறித்துக்கொள்வார்களாக. தமிழ் நூல்களை வலையேற்றச் சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடக்கிய மதுரைத் திட்டத்துக்கு ஜனாதிபதி எவரும் இலர். ஆனால் 1998 பொங்கல் நாளை அத்திட்டத்தார் தெரிந்தெடுத்தார்கள். தொடக்கநாளைச் சனம் மறவாதிருக்க இதைவிட மலிவான உபாயம் கிடையாது.

இனிப் பிரயோகம். தர்க்க சாஸ்திரிகள் குடத்தையும் வஸ்திரத்தையும் முன்னே வைத்து வாதிப்பது வழக்கமாதலால், நாமும் பசறைக் கடைத்தெருவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். மடூல்சீமை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் தேருக்கும் கல்யாணத்துக்கும் கேதத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது இவர் ஜீவனம். பக்கத்து மலைக்குக் கேட்கும்படி பேசவைப்பதே தொழிலாக உடைய இவர், தம் தளத்தைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்காதிருந்தார் என்பதே இந்தத் திருஷ்டாந்தத்தின் சாரம்.

முதலில் பெயர். 2010 முதல் புள்ளிக்குப் பின் ‘இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரி பெற இந்நாட்டில் வழி உண்டு. இவர் அதைப் பெற்றார். அது தமிழாகத் தோன்றினாலும், இயந்திரங்கள் தமக்குள் அதை எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று ஆரம்பிக்கும் ரோமன் எழுத்துச் சிதறலாக மாற்றியே பரிமாறிக்கொள்கின்றன. பாட்டனின் பெயர் தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலில் ஏறியபோது என்ன கதி அடைந்தது என்று அறிந்த குடும்பங்களுக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. ஆயினும் இம்முகவரிக்கு ஒரு விசேஷம் உண்டு. மைக்கில் வாய்விட்டுச் சொன்னால் ஆங்கிலம் அறியாத பாட்டிக்கும் விளங்கும். மும்முறை டபிள்யூ சொல்லி மூச்சு வாங்கவேண்டியதில்லை. தொலைபேசியில் தமிழைத் தட்டத் தெரியாத பேரனுக்காக ரோமன் எழுத்து முகவரி ஒன்றையும் உடன் வைத்துக்கொள்வது விவேகம்.

அடுத்தது வாசகம். இங்கேதான் மகா அனர்த்தம் நிகழ்ந்தது. நோட்டீஸ் அடிக்கும் கடையில் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்ததை அப்படியே வாங்கி ஏற்றினார். பாமினியில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிவது, கணினியின் ஏட்டில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கும். எழுத்துரு இல்லாத கருவியில் அம்மாவைக் காணமுடியாது, அரைப்புள்ளியைக் காணலாம். உலகப் பொது எழுத்துமுறையான யூனிகோடில் ‘ஒலிபெருக்கி’ என்று ஒருவன் தேட, இவரது ஒலிபெருக்கி வேறு எழுத்துகளில் ஒளிந்திருந்தது. இதைக் கேள்வியுற்ற அவர் மனம் நொந்து, அச்சடித்த நோட்டீசையே படம் பிடித்துப் போட்டார். படத்துள் இருக்கும் எழுத்தைச் சொல்லாக மதித்து வரிசைப்படுத்தும் வழக்கம் தேடுபொறிகளுக்கு அரிது. பக்கத்தின் தலைப்போ ‘நல்வரவு’ என்றிருந்தது. உலகத்துத் தமிழ்த் தளங்களில் பாதியேனும் நல்வரவு கூறுகின்றன. ‘ஒலிபெருக்கி வாடகைக்கு, பசறை’ என்று எழுதியிருந்தால் இந்த இயலில் பாதி எனக்கு மிச்சமாகியிருக்கும்.

வருகை எண்ணியோ நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பகுத்து நோக்கினால், பெரும்பகுதி அவரே வெவ்வேறு வேளைகளில் எட்டிப் பார்த்தது; எஞ்சியவற்றில் சில கொழும்பில் புடவைக்கடையில் நிற்கும் மருமகன் மாமாவின் மனம் நோகாதிருக்கத் திறந்து மூடியவை; மற்றவை மனிதரே அல்ல, தேடுபொறிகள் அனுப்பும் நிரல்கள். இந்நிலையில் தோட்டத் தலைவர் ஒருவர் தேருக்கு ஸ்பீக்கர் பேச வருகிறார்.

“தலைவரே, வாடகை எல்லாம் நம்ம தளத்துல போட்டிருக்கேன். போன்ல பாருங்க.”

“அது கெடக்கட்டும் தம்பி. வாயால சொல்லுங்க, எவ்வளவு?”

இந்தச் சம்பாஷணைக்குப் பாஷ்யம் வேண்டியதில்லை.

ஸ்டான்போர்ட் சர்வகலாசாலை மாணவராயிருந்த லரி பேஜும் சேர்கி பிரினும் 1998 இல் கூகுளை நிறுவியபோது, ஒரு தளம் தன்னைப் பற்றிச் சொல்வதைக்கொண்டு அன்றி, மற்றத் தளங்கள் அதைச் சுட்டிக்காட்டுவதைக்கொண்டே அதன் மேன்மையை அளக்கும் முறையைக் கையாண்டார்கள். முறை நியாயமானதே. நம்மவரைச் சுட்டிக்காட்டத்தக்கோர் பந்தல்காரரும் மேளக்காரரும் சமையற்காரரும். அவர்கள் ஒருவருக்கும் தளம் இல்லை. ஆகவே அவர்கள் வாயாலேயே அவரைச் சிபாரிசு செய்து வருகிறார்கள், அவரும் அதனாலேயே பிழைத்து வருகிறார், கூகுளுக்கு மட்டும் அது தெரியாது.

இவ்விடர்ப்பாட்டுக்குப் பரிகாரம் மலைநாட்டிலேயே முன்னர் கண்டறியப்பட்டது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலியார் இணையத்தை வானொலியில் வாசித்தார்கள். ஊரார் கேள்வி எழுதி அனுப்ப, நிலையத்தார் வலையில் தேடி விடையை ஒலிபரப்பினார்கள். வீட்டில் கணினி இல்லாதவனும் அன்று இணையத்தைக் காதால் கேட்டான். தளத்துக்குச் சனத்தை இழுப்பதைவிடச் சனத்தின் காதுக்குத் தளத்தைக் கொண்டுபோவது எளிது என்று காட்டிய அம்முயற்சியை வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடி வந்து பார்த்து எழுதினார்கள். பதுளைப் பக்கத்துத் தளக்காரர்கள் படித்ததாகத் தெரியவில்லை.

ஆதலால் சித்தாந்தம் இது: தளம் தானாக அழைக்காது, அழைக்கும் கருவி உம்மிடம் ஏற்கெனவே இருந்தால், அதை வாடகைக்கு விடுமுன் உமக்காக ஒருமுறை கட்டிப் பாரும். வரும் தேருக்கு, முகவரியைத் தமிழில், இரண்டு முறை, நிதானமாகச் சொல்லும். பூசகர் தொடங்குமுன் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொள்ளும்; அதற்கு மேல் கோயில் கமிட்டியார் விடமாட்டார்கள்.