42 பர்சன்ட்காரர்

செகண்ட் ஹேண்டில் பேட்டரி வண்டி வாங்கி ஆபீசுக்குப் போய்வருகிறவரைப் பார்த்தால் புதுச்சேரியில் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: சரியான கஞ்சர். இது அபாண்டம். காசை மிச்சம் பிடிப்பதுதான் அவர் நோக்கமென்றால், அதற்கு இதைவிடப் பொருந்தாத ஊர் கிடையாது. பக்கத்துத் தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு; கடலூர்க்காரரும் விழுப்புரத்துக்காரரும் எல்லை தாண்டி வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். ஊரோ கையகலம். பிரெஞ்சுக்காரர்கள் முட்டை வடிவில் வளைத்துப் போட்ட புல்வார் சாலைக்குள் வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். இதில் எவ்வளவு பெட்ரோலைத்தான் மிச்சம் பிடித்துவிட முடியும்? ஆகவே அவர் வாங்கியது சிக்கனத்தை அல்ல. காலையில் கண்விழித்ததும் போடத் தொடங்கி ராத்திரி பிளக்கைச் செருகும் வரை போட்டுக்கொண்டே இருக்கக்கூடிய ஒரு கணக்கை வாங்கியிருக்கிறார். வண்டி அதற்கு இலவச இணைப்பு.

கணக்கு விற்பவர் வீட்டு வாசலிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. பழைய பெட்ரோல் வண்டியின் வயதைப் புகை சொல்லும், சத்தம் சொல்லும். மெக்கானிக் காதை வைத்துக் கேட்டே ஜாதகம் கணித்துவிடுவார். பேட்டரி வாய் திறக்காது. லித்தியம் பேட்டரி ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் தேயும், வெயிலில் நின்றால் இன்னும் வேகமாகத் தேயும். வண்டியிலேயே விலை கூடின பாகமும் அதுதான். விற்பவரோ, “டாக்டர் ஓட்டின வண்டி சார், வெயில்லயே நின்னதில்லை” என்கிறார். (தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கைமாறுகிற வண்டிகளையெல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் என்றால், அவர்கள் நோயாளிகளைப் பார்த்தது எப்போது?) இப்படி, உள்ளே எவ்வளவு உயிர் மிச்சம் என்று தெரியாத ஒன்றை நம்பி வாங்கிய மனிதர் மீட்டரைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? ‘நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்டால், ‘42 பர்சன்ட்’ என்று பதில் வருவது இதனால்தான். ‘எவ்வளவு கொடுக்குது?’ என்ற கேள்விக்கு அவரிடம் மூன்று பதில்கள் உண்டு: ஆபீசில் 80 கிலோமீட்டர், மனைவியிடம் 70, நோட்டுப் புத்தகத்தில் 52.

அந்த நோட்டைக் கேலி செய்கிறவர்கள் ஊர் வரலாற்றை மறந்தவர்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை இதே ஊரில் உட்கார்ந்து எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது என்று எழுதிவைத்தார்; அவர் பெயரில் வீதியே இருக்கிறது. நம்மவர் அந்த வீதியில் போய்வந்ததற்கு எத்தனை பர்சன்ட் குறைந்தது என்று எழுதுகிறார். எழுதி எழுதியே, ஊரை அவரளவுக்கு அறிந்தவர் யாருமில்லை என்றாகிவிட்டது. எந்த வீதியில் எத்தனை மணி வரை நிழல் விழும் என்பது அவருக்குத் தெரியும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். அப்போது பீச் பக்கம் போனால் எதிர்காற்று சார்ஜைத் தின்னும், மேற்கே ரெட்டியார்பாளையம் திரும்பினால் முதுகைத் தள்ளிவிடும். ஆபீஸ் விடுகிற நேரத்தை அரசாங்கம் தன் வண்டியை உத்தேசித்தே வைத்திருக்கிறது என்பது அவர் துணிபு. இந்தச் சட்டத்தையும் பாருங்கள்: 250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் உள்ள ரகத்துக்கு லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம், மற்றவற்றுக்குப் பச்சை நம்பர் பிளேட். நம்மவருடையது பச்சை பிளேட் வண்டி. ஓட்டுவது என்னவோ 25இல்தான். வேகம் கூடக் கூடக் காற்றின் தடை அதைவிடப் பல மடங்கு கூடும் என்று விளக்கம் வேறு சொல்வார். விளக்கம் சரியானதே, பின்னால் ஹாரன் அடிப்பவருக்குத்தான் பௌதிகம் போதாது.

வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நிற்கத்தான் செய்கிறது. கடைசி 20 பர்சன்ட், மாதக் கடைசிச் சம்பளம் போலக் கண்ணெதிரே கரையும். ஆனால் அதற்கும் இவ்வூரில் முன்மாதிரி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ‘பூஸ்-பூஸ்’ என்றொரு வண்டி ஓடியது. தள்ளு தள்ளு என்று அர்த்தம். துரை முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்புவார், ஆள் பின்னாலிருந்து தள்ளுவார். இன்று நம்மவர் ஹேண்டிலைப் பிடித்து உட்கார்ந்திருக்க, பெட்ரோல் வண்டி நண்பர் பின்னாலிருந்து ஒரு காலால் தள்ளிக்கொண்டு வருகிறார். துரைக்குக் கிடைத்த மரியாதைதான் இது, நண்பரின் வசவைக் கழித்துவிட்டால். புது பேட்டரி மாற்றும் நாளில் இத்தனை வருஷ மிச்சமும் ஒரே மூச்சில் போய்விடுமே என்பது இன்னொரு ஆட்சேபம், இதுவே வலுவானது. போகும்தான். ஆனால் மிச்சத்துக்காகத்தான் வாங்கினார் என்று எண்ணுகிறவர்களுக்கே அது நஷ்டம். அவருக்கு அது புது நோட்டின் முதல் பக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவர் வண்டியை நிறுத்தி, “ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்” என்று பெருந்தன்மையாகக் கூப்பிடும்போது, ஜிப்மருக்குப் போகவேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஜிப்மர் இருக்குமிடம் கோரிமேடு. பெயரிலேயே மேடு இருக்கிறது.